சம்பந்தியம்மா கேட்ட பிளேன்

மில் லைன் வீடு, அரியலூர்
மாசி மாதம், 1981

பட்டாளத்தில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி சிரஞ்சீவி முத்துசாமிக்கு, அக்காள் காத்தாயி சிறுவாச்சூர் ஆத்தாளை மனதில் நினைத்து எழுதும் கடிதம். இவ்விடம் நானும் உன் மாமாவும், அம்சவள்ளியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஆத்தாள் தயவில் நலமாக இருக்கிறோம். அவ்விடம் நீ பனியில் காதைக் கட்டிக்கொண்டு, வேளைக்குச் சோறு தின்று, எதிரிநாட்டான் கண்ணில் படாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. அடுத்த வூட்டுக் கொளஞ்சி உனக்கு எழுதிப்போட்ட கடுதாசியை நீ நம்ப வேண்டாம். நான் மெட்ராசில் பிளேனை மறித்து நிறுத்தி அதிகாரிகளோடு சண்டை போட்டேன் என்று எழுதியிருக்கிறாளாம். சண்டையெல்லாம் ஒன்றும் போடவில்லை. பிளேனை நிறுத்தினது மட்டும் வாஸ்தவம். அதை நான் சொன்னால்தான் உனக்கு நியாயம் புரியும்.

அம்சாவுக்கு ஏழாம் மாசம் பிறந்ததும் வளைகாப்புப் போட்டு, தலைச்சன் பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்குக் கூட்டியாரணும்னு மாப்பிள்ளை தர்மனுக்கு எழுதிப்போட்டோம். பதில் சம்பந்தி ஆண்டாயியம்மாகிட்ட இருந்து வந்துச்சு. அந்தம்மா நம்ம ஜெயங்கொண்டத்துல முந்திரிக்கொட்டை பொறுக்கினதுதான். மெட்ராசுக்குக் குடி போனதுலேருந்து நம்ம ஊரு பஸ்ஸைக் கண்டாலே முந்தானையால மூக்கைப் பொத்திக்குது. "வளைகாப்பை இங்க வந்து போட்டுட்டுப் போங்க. ஏழு மாசப் பிள்ளைத்தாச்சியை அந்த லொடலொட பஸ்ஸுல ஏத்தி அனுப்ப மாட்டேன். சம்பந்தி பிளேன் கொண்டாந்தா அனுப்பறேன்"னு எழுதியிருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பெத்த மகளுக்குத் தலைச்சன் பிரசவம் பாக்கக் குடுத்து வைக்காத ஒரு தாயா? உங்க மாமா அந்தக் கடுதாசியை மறுபடி மறுபடி படிச்சாரு. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "கொண்டாந்தா போச்சு"ன்னாரு.

உனக்குத் தெரியும்ல, மில் முதலாளிக்குன்னு ஒரு குட்டி பிளேன் இருக்கு. முன்னால ரெண்டு சீட்டு, பின்னால ரெண்டு சீட்டு. அது எறங்குற செம்மண் தளத்துல சுத்துப்பட்டு ஆடு மாடெல்லாம் வந்து படுத்துக்கும். பிளேன் சத்தம் கேட்டா செவப்புக் கொடியை ஆட்டிக்கிட்டு ஓடி அதுங்களை விரட்டுறதுதான் ஆறு வருசமா உங்க மாமாவோட உத்தியோகம். ஆறு வருசத்துல ஒரு நாளும் அதுல ஏறினதில்லை. ஏறணும்னு ஆசையின்னு வாயைத் திறந்து சொன்னதும் இல்லை. ஆனா பிளேன் போனப்புறம் புள்ளியாகி மறையற வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாரு, நான் சோத்தைப் போட்டுட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போகும். பிளேன் ஓட்டுற கேப்டன் தம்பி சிவசுப்பிரமணியன் தங்கமான பிள்ளை. சனிக்கிழமை பிளேன் சர்வீசுக்காக மெட்ராஸ் போயி ஞாயித்துக்கிழமை காலியாத் திரும்ப வேண்டியிருந்ததால, முதலாளிகிட்ட உத்தரவு வாங்கி, "நீங்க ரெண்டு பேரும் வாங்க, பொண்ணையும் ஏத்திக்கிட்டு வந்துருவோம்"னு சொல்லிருச்சு. உங்க மாமா புதுச்சட்டை தைச்சாரு. சத்தம் அதிகமா இருக்கும்னு கேப்டன் சொன்னதுக்கு, வெள்ளிக்கிழமையே காதுல பஞ்சு வச்சுக்கிட்டாரு.

சனிக்கிழமை காலையில நல்ல நேரத்துல வாசப்படி தாண்டினேன். இந்தக் கொளஞ்சி தண்ணிக் குடத்தோட எதிர்ல வந்து, "எங்கக்கா போறீங்க?"ன்னு கேட்டுட்டா. கிளம்புறவங்களை அப்படிக் கேக்கலாமா? 'தூரமா?'ன்னு கேக்கணும், அதுதான் மொறை. 'எங்க'ன்னு கேட்டுட்டா போற காரியம் நடக்காது. திரும்பி வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கிளம்பணும். நான் உக்காந்து குடிச்சேன். உங்க மாமாவையும் உக்கார வச்சுக் குடிக்க வச்சேன். கேப்டன் தம்பி ஜீப்புலேருந்து, "ஏம்மா, இப்பத்தானே தண்ணி குடிச்சீங்க?"ன்னுச்சு. அது டவுன்ல வளந்த பிள்ளை.

பிளேன்கிட்ட போனா, மூட்டை நிறுக்குற தராசைக் கொண்டாந்து வச்சிருக்காங்க. சாமானோட ஆளையும் நிறுக்கணுமாம்! "மாரியாத்தா தேரையே நிறுத்துப் பாக்காத ஊருல பொம்பளையை நிறுத்துப் பாப்பீங்களா?"ன்னு கேட்டேன். அப்புறம் அத்தனை ஆம்பளைங்களையும் திரும்பி நிக்கச் சொல்லிட்டு ஏறினேன். கேப்டன் கணக்குப் போட்டுட்டுத் தலையைச் சொறிஞ்சுது. "ஒண்ணு சாமான்ல பாதியை எறக்கணும், இல்லைன்னா ஒரு ஆள் எறங்கணும்மா."

நான் என்ன அதிகமாவா எடுத்தேன்? அதிரசம் ஒரு டின்னு, முறுக்கு ஒரு டின்னு, பலாப்பழம் ரெண்டு, மல்லாட்டைக் கடலை மூட்டை, முந்திரி மூட்டை, நீ அனுப்பின தாய்மாமன் சீர்ப் பொட்டி. வாசப்படி தாண்டின சீரைத் திருப்பி வூட்டுக்குள்ள கொண்டு போறதாவது! வயித்துப்பிள்ளைக்கு ஆகுமா? உங்க மாமா பஞ்சை எடுக்காமலே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டாரு. "நான் எறங்கிக்கிறேன். பஸ்ஸுல வந்துடறேன். கேப்டன் தம்பி, திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம்"னாரு. எறங்கி, கொடியை எடுத்துக்கிட்டு ஓடிப்போயி எனக்காக ஆட்டை விரட்டினாரு, புதுச்சட்டையோட. மேல போயி எட்டிப் பாத்தேன். செவப்புக் கொடி மட்டும் மொளகாப்பழமாட்டம் தெரிஞ்சுது.

மேல போனது ஒண்ணும் பயமில்லை தம்பி. வழி தெரியுமான்னு கேட்டேன், தெரியும்னுச்சு. முன்னால கடியாரம் கடியாரமா வச்சிருக்காங்க, எல்லாத்துக்கும் விபூதி பூசிவிட்டேன். கேப்டன் கைக்குட்டையால தொடைச்சுது. தொடைச்சா ஆகாதுன்னு மறுபடி பூசினேன். "அம்மா, எவ்வளவு ஒசரத்துல போறோம்னே எனக்குத் தெரியலை"ன்னுச்சு. "ஆத்தாளுக்குத் தெரியும், நீ ஓட்டு"ன்னேன். விருத்தாசலத்துக்கிட்ட கோபுரம் தெரிஞ்சதும்தான் எனக்குப் பகீர்னுச்சு. சாமி தலைக்கு மேல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறேனே! சட்டுனு ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கிச் சம்மணம் போட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டேன். மெட்ராஸ் வரைக்கும் காலை எறக்கலை. எந்த ஊருல எந்தச் சாமி இருக்கோ யாரு கண்டா?

சம்பந்தி வூட்டு வாசல்ல டாக்சியை விட்டு எறங்கினா, "எந்த பஸ்ஸுல வந்தீங்க?"ன்னு கேட்டுச்சு அந்தம்மா.

"பிளேன்ல வந்தேன்."

"அரியலூர்லேருந்து பிளேனா? மாட்டுவண்டிக்கு ரெக்கை கட்டினீங்களா?" அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் சிறுவாச்சூர் ஆத்தா மேல சத்தியம் பண்ணினேன். சாயங்காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லி, கொஞ்சம் நம்பற மாதிரி வந்துச்சு. அந்த நேரம் பாத்து உங்க மாமா வந்து சேர்ந்தாரு. தலையெல்லாம் தூசி, சட்டை கசங்கி, காதுல பஞ்சு. "பஸ்ஸுல ஒரே கூட்டம்"னாரு. ஆண்டாயியம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "பொண்டாட்டி பிளேன்ல, புருசன் பஸ்ஸுல! வளைகாப்பு வூட்டுல வந்து இப்படிப் பொய் சத்தியம் பண்றீங்களே"ன்னுச்சு. அந்த மனுசன் எனக்காக எறங்கினதே என்னைப் பொய்க்காரியா ஆக்கிருச்சு பாரு. 'வந்து கண்ணால பாருங்க'ன்னு கெஞ்சினேன். விருந்தாளிங்களை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சு. உன் பொட்டியை நடுவுல வச்சு, நீ வாங்கின பொடவையைத்தான் கட்டச் சொன்னேன். அம்சா கையில வளையல் போடுறப்ப அவ கண்ணும் என் கண்ணும் கலங்கிருச்சு. கிளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து, "அம்மா, நீ பிளேன்ல வந்தேன்னு நான் நம்பறேம்மா"ன்னா. மாப்பிள்ளை அவங்க அம்மா மூஞ்சியைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு. அவ்வளவுதான். மகளை விட்டுட்டுக் கிளம்பினோம்.

பிளேன்ல உங்க மாமா முன்சீட்டுல உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டாரு. ஆறு வருச ஆசை. ஆனா மூஞ்சியில சந்தோசமே இல்லை. நான் பின்னால, பக்கத்துல காலி சீட்டு. அம்சா உக்காந்து வர வேண்டிய சீட்டு. பிளேன் உறுமிக்கிட்டு நகர ஆரம்பிச்சுது. முன்னால இருந்த பேசற பொட்டி இங்கிலீசுல என்னமோ கேட்டுச்சு.

"என்ன தம்பி சொல்றாங்க?"

"டவர்ல இருந்தும்மா. எங்க போறோம்னு கேக்குறாங்க."

"நிறுத்து!"

"என்னம்மா?"

"கிளம்புற நேரத்துல 'எங்க'ன்னு கேட்டுட்டாங்களா இல்லையா? வண்டியைத் திருப்பு. தண்ணி குடிக்கணும்."

"அம்மா, அவங்க தெனம் கேக்குறதும்மா அது!"

"அதான் தெனம் பேப்பர்ல பிளேன் லேட்டு லேட்டுன்னு போடுறான். ஏற்கெனவே வந்த காரியம் நடக்கலை. திரும்பிப் போறதாவது நல்லபடியாப் போவோம். திருப்பு தம்பி."

அது உங்க மாமாவைப் பாத்துச்சு. அவரு, "திருப்பிருங்க தம்பி. நான் முப்பது வருசமாத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்"னாரு. கேப்டன் பொட்டியில என்னமோ சொல்லிட்டுத் திருப்பிருச்சு. பிளேன் நிறுத்துற கொட்டகையில பெஞ்சுல உக்காந்து தண்ணிச் சொம்பை வாயில வச்சேன் பாரு, வெளியில டாக்சிச் சத்தம்! அம்சா எறங்குறா, மாப்பிள்ளை எறங்குறாரு, பின்னாலயே ஆண்டாயியம்மா! நாங்க போனதுலேருந்து அம்சா ஒரு பருக்கை தொடலையாம். கல்யாணம் ஆனதுலேருந்து மொதல் தடவையா மாப்பிள்ளை வாயைத் திறந்து, "போயிப் பாத்துடுவோம்மா. பிளேன் இல்லைன்னா நீ சொல்றதுதான்"னு சொன்னாராம். நான் மட்டும் அந்தத் தண்ணியைக் குடிக்க எறங்கலைன்னா, நாங்க மேல, அவங்க கீழ. இப்பச் சொல்லு, நான் நிறுத்தினது தப்பா?

ஆண்டாயியம்மா எருமை வாங்குற மாதிரி பிளேனைச் சுத்தி வந்து, ரெக்கையைத் தட்டிப் பாத்து, "இது நெசமாவே பறக்குமா?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் என்கிட்ட வந்து, "நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. சொன்னேன்ல பிளேன் வந்தா அனுப்பறேன்னு, அனுப்பறேன். ஆனா தனியா அனுப்ப மாட்டேன். மொதப் பேரப்பிள்ளை, நானும் வருவேன்"னுச்சு. பின்னால ரெண்டு சீட்டு, முன்னால ஒண்ணு. அம்சா, நான், அந்தம்மா. எல்லாரும் உங்க மாமாவைப் பாத்தோம்.

அவரு பஞ்சை எடுக்காமலே பெல்ட்டைக் கழட்டினாரு. "நான் எறங்கிக்கிறேன். மாப்பிள்ளையோட பஸ்ஸுல பேசிக்கிட்டே வருவேன்"னாரு. ஆனா பாரு, அப்பத்தான் மூஞ்சியில சந்தோசம் வந்துச்சு.

மறுபடி நகர்றப்ப மறுபடி பொட்டி கேட்டுச்சு. "என்ன கேக்குறாங்க தம்பி?"ன்னேன். கேப்டன் திரும்பியே பாக்காம, "'தூரமா?'ன்னு கேக்குறாங்கம்மா"ன்னுச்சு. சொல்லிக் குடுத்தா யாருக்கும் மொறை வரும்.

அரியலூர் வந்து பாத்தா, தளம் பூரா ஆடு. விரட்டுற ஆளுதான் பஸ்ஸுல வருதே! பதிலுக்கு வச்ச அரியமுத்து டீக்கடையில. வட்டம் போட்டுக்கிட்டே இருக்கோம், ஒரு ஆடு தலையைத் தூக்கலை. ஆண்டாயியம்மா நம்ம சிறுவாச்சூர் ஆத்தாளை விட்டுட்டு மெட்ராஸ் சாமிங்களையெல்லாம் கூப்பிடுது. கடைசியில கொளஞ்சிதான் விளக்குமாத்தோட ஓடியாந்து விரட்டினா. அது அவ செஞ்ச நல்ல காரியம், மறைக்க மாட்டேன். உங்க மாமா ஆறு வருசமா என்ன வேலை பாக்குறாருன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப சம்பந்தியம்மா நம்ம வூட்டுலதான் இருக்கு, நல்லாச் சாப்பிடுது, போற பேச்சே இல்லை. அம்சா நல்லாத் தூங்குறா. எனக்கு ஒரு கொறையும் இல்லை. உங்க மாமாவும் "ஆகாசத்துல என்ன இருக்கு, வெறும் காத்து"ங்கறாரு. நம்ம சனத்துக்கு அது வேண்டாம், இனிமே நாங்க யாரும் அதுல கால் வைக்கிறதா இல்லைன்னு கேப்டன்கிட்டயும் கண்டிசனாச் சொல்லிட்டேன். நீயும் மாமாவுக்கு அப்படியே எழுதிப்போடு, மனசு ஆறும்.

பிரசவத்துக்கு லீவு கிடைத்தால் வரவும். ஆத்தாள் உன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் காவல் நிற்பாளாக. உன்னோடு இருக்கும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
காத்தாயி

பின்குறிப்பு: மேலே எழுதினதை ஒட்டுறதுக்குள்ள கேப்டன் தம்பி ஜீப்பு அனுப்பிருச்சு. இன்னைக்கு பிளேன் மெட்ராஸ் போகுதாம், முதலாளி போகலையாம், உங்க மாமா மட்டும் வரட்டுமாம், மூட்டை எதுவும் கூடாதாம். அவரு அந்தப் புதுச்சட்டையைப் போட்டுக்கிட்டு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வாசப்படி தாண்டிட்டாரு. நான் கொழம்பைக் கிண்டிக்கிட்டே ஞாபகமில்லாம, "எங்க போறீங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். பஞ்சு வச்ச காதுல விழலை, ஆனா ஆத்தா காதுல விழுந்திருக்கும்ல? உள்ள இழுத்தாந்து உக்கார வச்சிருக்கேன், தண்ணி குடிச்சுக்கிட்டிருக்காரு, ஜீப்பு ஹாரன் அடிக்குது. இன்னைக்கு ஆடு விரட்டக் கொடியை நான்தான் எடுத்துக்கிட்டுப் போறேன். இந்தக் கடுதாசியை அவர் கையில குடுத்து, எறங்குற ஊருல தபால் பொட்டியில போடச் சொல்றேன். கவர் மேல மெட்ராஸ் முத்திரை இருந்தா உங்க மாமா பறந்துட்டாருன்னு சந்தோசப்பட்டுக்கோ. அரியலூர் முத்திரை இருந்தா, கடைசி நேரத்துல யாரோ வந்துட்டாங்க, அவரு எறங்கிக்கிட்டாருன்னு தெரிஞ்சுக்கோ.