தலை புதுச்சேரி, கால் தமிழ்நாடு

மரக்காணம் உப்பு ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்கா இருந்த சவரிராயன், ரிடையர் ஆன மறுநாளே வீட்டுல ஒரு ஃபைல் தொறந்தாரு. பொருள்: முதுமையைக் கழிக்க உகந்தது தமிழ்நாடா, புதுச்சேரியா?

ரிடையர் ஆனா எங்க செட்டில் ஆகலாம்னு ஆளாளுக்கு செல்போன்ல வீடியோ போடுற காலம். அத நம்பி முடிவெடுக்க அவரு என்ன பொதுஜனமா? அட்டவணை போட்டாரு. காத்து: ஒரே கடல், ஆகவே சமம். கொசு: ஒரே கொசு. சரக்கு: புதுச்சேரி முன்னிலை. மனைவியின் ஆட்சேபனை: தமிழ்நாடு முன்னிலை.

"ஏங்க, புதுச்சேரி மாநிலமே இல்லியே. யூனியன் பிரதேசம்தான?"ன்னாங்க சம்சாரம் அந்தோணிமேரி.

"ஆட்சேபனைய எழுத்துல குடு. பரிசீலிக்கலாம்."

ஆறு மாசம் பரிசீலிச்சும் ரெண்டும் சரிசமமா நின்னுச்சு. அப்பத்தான் குயிலாப்பாளையம் புரோக்கர் ஒருத்தன் ஒரு வீட்டக் காட்டுனான். எல்லைக்கோடு வளஞ்சு வளஞ்சு வந்து நேரா பெட்ரூம் நடுவுல போவுது. ஹால் தமிழ்நாடு, கிச்சன் புதுச்சேரி.

சவரிராயன் அங்கியே குதிச்சாரு. "மேரி, உலகத்துலயே ரெண்டு மாநிலத்துல ஒரே நேரத்துல ரிடையர் ஆவுற மொத ஆளு நான்தான்டி!"

குடி வந்ததும் தரையில செவப்பு பெயின்ட்ல கோடு போட்டாரு. கோட்டு மேலயே கட்டிலப் போட்டாரு. காபி புதுச்சேரில, பேப்பர் தமிழ்நாட்டுல. "வெளிமாநிலம் போறேன்"னு சொல்லிட்டு கிச்சனுக்குப் போவாரு. தண்ணி குடிச்சிட்டு "ஊருக்கு வந்துட்டேன்"னு திரும்புவாரு.

உசுரோட இருக்கேன்னு பென்ஷனுக்கு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கணுமே, அதுல வசிக்கும் மாநிலம்ங்குற இடத்துல நேர்மையா ரெண்டையும் எழுதுனாரு. கடுதாசி வந்துச்சு: 'தாங்கள் எந்த மாநிலத்தில் உயிருடன் இருக்கிறீர்கள் என்பது உறுதியாகும்வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

விசாரணைக்கு டேப்போட ரெண்டு பேர் வந்தாங்க. தமிழ்நாட்டுக்கு சகாதேவன், புதுச்சேரிக்கு பெலிக்ஸ். கட்டில அளந்தாங்க.

"தூங்கும்போது தல எங்க?"

"புதுச்சேரில."

"மூச்சு எங்க விடுறாரோ அங்கதான் உசுரு. உங்க ஆளு சார்"னாரு சகாதேவன்.

"கால் எங்க இருக்கோ அதான் சார் குடியிருப்பு. உங்க ஆளு"ன்னாரு பெலிக்ஸ். "ஏம்மா, பொரண்டு படுப்பாரா?"

"குறுக்கால கூட படுப்பாருங்க."

"அப்ப அது குடிபெயர்வு. அதுக்குத் தனி ஃபாரம்."

"நான் முழுசா உசுரோட இருக்கேன் சார்!"ன்னு அலறுனாரு சவரிராயன்.

"நாங்களும் பாத்துக்கிட்டுதான இருக்கோம்? ஆனா முன்னுதாரணம்னு ஒண்ணு இருக்கு"ன்னு சகாதேவன் ஒரு பழைய தாள எடுத்தாரு. உப்பளத்துல வேல செஞ்ச தனகோடி மழைக்கால நிவாரணம் கேட்டு எழுதுன மனு. அந்தம்மா குடிச ரெண்டு பாத்திக்கு நடுவுல வரப்பு மேல இருந்துச்சு. கீழ ஆபீஸ் குறிப்பு: 'வரப்பு எந்தப் பாத்தியிலும் சேராது. வரப்பின் மேல் வசிப்பவர் எங்கும் வசிப்பவர் அல்லர். மனு நிராகரிக்கப்படுகிறது.' கையெழுத்து: சவரிராயன்.

அவரு கண்ணாடியப் போட்டு ரெண்டு தரம் படிச்சாரு. மூஞ்சி வெளுத்துச்சு. அப்புறம் மெதுவா ஒரு பெருமை ஏறுச்சு.

"என்னா டிராப்ட் சார் இது! எங்கியாவது ஒரு ஓட்ட இருக்கா பாருங்க?"

"இல்லியே சார்"னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.

இதெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த அந்தோணிமேரி முந்தானைய இழுத்துச் சொருகுனாங்க. கட்டிலோட ரெண்டு காலப் புடிச்சு, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரே தள்ளு தள்ளப் போனாங்க. ரெண்டு முழம் நகந்தாப் போதும், மனுஷன் உசுரோட வந்துருவாரு.

"தொடாதீங்க!"ன்னு மூணு குரல் ஒண்ணா கேட்டுச்சு. அதுல சத்தமான குரல் சவரிராயனோடதுதான்.

"ஃபைல் பெண்டிங்ல இருக்கும்போது ஆதாரத்த நகத்துறியே, உனக்கு அறிவிருக்கா மேரி?"

கட்டில் இன்னும் அங்கியேதான் கெடக்குது.