தேவையில்லாதவற்றை நீக்குதல்

“இடம் போதாது” என்று கணினி மூன்றாம் முறையும் காட்டியபோது தேவராசா அழாத குறை.

வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, இந்த 2007இல்தான் வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது. மனைவி கமலாசனி அங்கே ரீச்சர். கண்டி அலுவலகத்தின் ஒரே லினக்ஸ் கணினியைச் சுத்தப்படுத்தி, தன் வேலையைப் பொறுப்பேற்கும் றமீஸாவிடம் ஒப்படைத்தால் காலையில் பஸ் ஏறலாம். சண்டை நடக்கிற பக்கம் ஆசைப்பட்டுப் போகிற மனிதரை அலுவலகமே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

“இந்த விளையாட்டு மென்பொருள் பொதிகளைக் கழட்டுவம்,” என்றார்.

“கூடவே வேறெதுவும் போயிராதா சேர்?” என்றாள் றமீஸா.

“போகாது பிள்ளை. ஒண்டை நம்பி மற்றதுகள் நிண்டால், அதைக் கழட்ட முதல் லினக்ஸே பட்டியல் காட்டும். எதுவும் நம்பி நிக்காததைத்தான் தேவையில்லை எண்டு சொல்லும்.”

பட்டியல் நீளமாக வந்தது. வாசிக்க அலுப்பு, ‘ஆம்’ என்று தட்டினார். விளையாட்டுகளோடு, திரையின் படங்களையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்த பொதியும் போனது. “இனி இவையும் தேவையில்லை” என்று லினக்ஸ் இன்னொரு பட்டியல் நீட்டியது. களைத்த மனிதர் அதற்கும் ‘ஆம்’ போட்டார்.

நிறுத்தி மறுபடி இயக்கினார். திரை கறுத்துக் கிடந்தது. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கியது.

“கரண்ட் போச்சா சேர்?”

“சும்மா இரு பிள்ளை.”

போனதைத் திரும்ப ஏற்ற லினக்ஸ் சீடியைப் போட்டார், கீறல் விழுந்திருந்தது. தொலைபேசி வழியாக இணையத்திலிருந்து இறக்கினார். உள்ளே அதிகாரி பளீல் ரிசீவரைத் தூக்க, பாதியில் அறுந்தது. அந்தப் பாதியைத் துடைக்கப்போய் இணைய இணைப்புக்கான பொதியையே துடைத்துவிட்டார்.

பின்னேரம் ஒருவழியாகச் சம்பளக் கணக்கு மட்டும் ஓடியது. சுட்டி கிடையாது, கட்டளை கட்டளையாகத் தட்ட வேண்டும்.

“இனி இப்பிடித் தட்டினால் சரி,” என்றார்.

“எனக்கு இது ஏலாது சேர்!” என்று றமீஸா பளீலின் அறைக்குள் ஓடினாள்.

கைத்தொலைபேசி அடித்தது. கமலாசனி. “நாளைக்கு வாறியளோ?”

“ஓம், வாறன். பேக் கட்டியாச்சு.”

றமீஸா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

“சேர், நீங்க படிப்பிச்சதத்தான் பெரிய சேருக்குச் சொன்னேன். முழு ஆபீஸும் உங்கள நம்பித்தான் நிக்குது, உங்களக் கழட்ட ஏலாதுன்னு. உடனே கொழும்புக்குக் கதைச்சு மாற்றத்த ரத்து பண்ணிட்டார்!”