ஆத்தாவைப் பழித்தவர்

யோகராஜ் அந்தப் பேஸ்புக் பதிவை மூன்றாவது தடவையாக வாசித்தார். அது மாறவில்லை.

"விடியக்காலம் நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர் அலறுது. மாரியாத்தாவுக்கு என்ன, காது கேக்காதா?"

எழுதியவள் பிரேமலதா, தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சர். நான்கு பேர் லைக் போட்டிருந்தார்கள். எஹலியகொடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தின் மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு யோகராஜ்தான் தலைவர். நான்கு பேர்தானே என்று விட்டுவிடக்கூடியவர் அல்லர்.

நேரே அவள் லயத்து வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், சாமியப் பத்தி இப்படி எழுதலாமா?"

"சாமியப் பத்தி எழுதலீங்க. ஸ்பீக்கரப் பத்தித்தான் எழுதினேன். கைப்புள்ள வீறிட்டு எழும்புது."

"கொறை இருந்தா கமிட்டிக்கு எழுதிக் குடுக்கணும்."

"மூணு கடிதம் குடுத்தேனுங்களே."

"அதத்தான் பரிசீலிச்சிக்கிட்டு இருக்கோம்."

வீட்டுக்கு வந்தவர், "இந்த அநியாயத்தைப் பாருங்கள்" என்று எழுதி அதே பதிவைப் பகிர்ந்தார். எல்லாரும் பார்த்தார்கள். மாலைக்குள் முந்நூறு லைக். பாதிக்கு மேல் சிரிக்கிற முகம்.

போன் இல்லாதவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் என்று யோகராஜ் முடிவு செய்தார். மறுநாள் விடியற்காலைப் பூசையில் மைக்கைப் பிடித்தார்.

"மாரியாத்தாவுக்கு என்ன, காது கேக்காதா? இப்படிக் கேக்கலாமா, பொதுமக்களே?"

ஒரு பெண்ணை ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மையில் பெயரை மட்டும் சொல்லவில்லை. மூன்று நாள் இப்படியே கண்டித்தார். நான்காம் நாள் பாலர் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடினார்கள்.

இனிப் பொலிஸ்தான் என்றார் யோகராஜ். பிரேமலதா ஓடி வந்தாள்.

"பதிவ அழிச்சிட்டேங்க. வேல போயிரும், விட்டுருங்க."

"மதத்த அவமதிச்சா லேசுல பிணைகூடக் கிடைக்காதாம், தெரியுமா?"

"அப்ப, ஸ்டேஷனுக்குக் கைப்புள்ளயத் தூக்கிட்டு வரலாமுங்களா?"

யோகராஜுக்கே மனம் சற்று இளகியது. ஆனால் கடைத்தெருவில் ஏழெட்டுப் பேரிடம் சொல்லியாயிற்று. பின்வாங்க முடியாது.

ஸ்டேஷனில் ஓரளவு தமிழ் தெரிந்த சார்ஜன்ட் யோகராஜின் போனை வாங்கித் தேடினார். பதிவு அழிந்ததால் யோகராஜ் பகிர்ந்ததும் காலியாகக் கிடந்தது.

"ஒண்ணும் இல்லையே. சாட்சி இருக்கா?"

"இருக்குங்க மாத்தயா!"

யோகராஜ் யோசித்துத்தான் ஆளைக் கூட்டி வந்திருந்தார். ரப்பர் பால் வெட்டும் இருளாயி. முப்பது வருடமாகத் தீ மிதிப்பவள். ஆத்தா பேரில் பொய் சொல்ல மாட்டாள் என்று தோட்டமே சொல்லும்.

"பயப்பட வேணாம். நெசத்தச் சொல்லு," என்றார் சார்ஜன்ட். "அம்மனுக்குக் காது கேக்காதான்னு கேட்டது ஆரு?"

இருளாயி பிள்ளையோடு நின்ற பிரேமலதாவைப் பார்த்தாள். யோகராஜைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நம்ம தலைவர்தாங்க மாத்தயா. மூணு நாளா மைக்கில கேட்டுக்கிட்டே இருந்தாரு."