வியர்வை பார்க்கும் நாள்

வரைபடம் வரைகிறவர்கள் நீல மையை வைத்துவிட்டுப் பழுப்பு மையைத் தொடுவதற்குள் மறந்துபோன இடம் ஒன்று உண்டு. கடல் முடிந்தும் பாலை தொடங்காத அந்த இடத்தில் வெண்பரப்பு என்றொரு நாடு இருந்தது. அங்கே உப்பு விளைந்தது. வேறெதுவும் விளையவில்லை. மரங்கள் எல்லாம் அரண்மனை மதிலுக்கு உள்ளே நின்றன. அவற்றின் உச்சிகளை மட்டுமே மக்கள் அறிந்திருந்தார்கள்.

அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தின் முதல் வரி இது: "இந்நாட்டில் விழும் நிழல் யாவும் அரசரின் வெண்குடை நிழலே." மற்ற நாடுகளில் புலவர்கள் இதைப் பாட்டில் சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெண்பரப்பில் அதை நடைமுறைப்படுத்த ஒரு துறை இருந்தது.

நாடு முழுவதற்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. விடியலில் தொடங்கும் வரிசை உச்சிவெயிலில்தான் முடியும். முன்பு அந்த வரிசையின் மேல் ஒரு கீற்றுப் பந்தல் இருந்தது. மக்கள் தாகத்துக்காக வருகிறார்களா, நிழலுக்காக வருகிறார்களா என்று அரசருக்கு ஒருநாள் ஐயம் வந்தது. ஆராயக் குழு அமைத்தார். எதிரணித் தலைவர் மேகவாணரே அதற்குத் தலைமை தாங்கினார். பந்தலைப் பிரிப்பது என்ற அரசின் முடிவை அவர் வன்மையாகக் கண்டித்தார். பந்தலைக் கிழக்கிலிருந்து பிரிக்கக் கூடாது, மேற்கிலிருந்துதான் பிரிக்க வேண்டும் என்பது அவர் கண்டனம். அரசர் பெருந்தன்மையோடு அதை ஏற்றார். பந்தல் மேற்கிலிருந்து பிரிக்கப்பட்டது.

முதல் மாதம் ஏழு பேர் வரிசையில் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களின் குடங்களை அக்கம்பக்கத்தார் நிரப்பிக் கொடுத்தார்கள். மயங்கியவருக்குத் தாகம் தெரியாது, தெரியாத தாகத்துக்குத் தண்ணீர் வீண் என்று இரண்டாம் ஆணை வந்தது. இனி அவரவர் தண்ணீரை அவரவரே நின்று வாங்க வேண்டும். சிலர் தலைக்குமேல் ஓலை பிடித்தார்கள். குடை அரச சின்னம் என்பதால் மூன்றாம் ஆணை ஓலையைப் பறித்தது.

உப்பளத் தொழிலாளி இருளப்பன் அந்த ஏழு பேரில் ஒருவன். எழுந்தான், ஆனால் இடது கால் முழுதாக எழவில்லை. "இன்னொரு தடவை வெயில்ல விழுந்தா மனுசன் எந்திரிக்க மாட்டான்" என்று வைத்தியர் அவன் மனைவி நல்லதாயிடம் சொன்னார். கத்திரி வெயிலுக்கு நாற்பது நாள் இருந்தது.

இந்த நேரத்தில்தான் வழக்கம்போல அரண்மனை முரசு முழங்கியது. "தேர்தல் வரக்கூடும். வராமலும் போகக்கூடும்." ஒவ்வொரு பங்குனியிலும் இது அறிவிக்கப்படும். இதற்கென்றே ஓர் அமைச்சர் இருந்தார். பெயர் சிந்தாமணியார். தேர்தல் வரக்கூடும் துறை அவர் பொறுப்பில் இருந்தது.

தேர்தல் வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை. அரசரை எதிர்த்து நிற்க விரும்புகிறவர் வியர்வை பார்க்கும் நாளில் சந்தைத் திடலில், உச்சிப்பொழுதிலிருந்து தன் நிழல் ஒரு முழம் நீளும்வரை நிற்க வேண்டும். மக்கள் புதுத் துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக் கொடியில் உலர்த்துவார்கள். காய்ந்த துணியில் உப்பு பூத்தால், வெயிலை அறிந்தவர். அதன்பின் அவர் தெருக்காரர் மூவர் "இது அசல் வியர்வை" என்று சாட்சி சொன்னால், அடுத்த பௌர்ணமியில் தேர்தல். எவரும் தேறாவிட்டால் அரசர் மிகுந்த மனவருத்தத்தோடு ஆட்சியைத் தொடர்வார். பதினொரு ஆண்டுகளாக அவர் வருத்தத்தோடு தொடர்ந்துகொண்டிருந்தார்.

எதிரணியில் இருவர் இருந்தார்கள். மேகவாணர் ஒருவர், தண்புனலார் ஒருவர். அரசரை அருகிலிருந்து பார்த்தால்தான் சரியாக எதிர்க்க முடியும் என்பதால் இருவருக்கும் அரண்மனைத் தோட்டத்திலேயே வீடு. மேகவாணர் வாசலில் நான்கு வேப்பமரங்கள், தண்புனலார் வாசலில் மூன்று. நடுவேலியில் நின்ற எட்டாவது மரம் யாருடையது என்று ஒன்பது ஆண்டுகளாகச் சபையில் அனல் பறக்க விவாதம் நடந்தது. ஆண்டுதோறும் இருவரும் திடலில் வந்து நிற்பார்கள். துணி காய்ந்தால் ஒருவர் துணியில் பன்னீர் மணக்கும், மற்றவர் துணியில் ஒன்றுமே இருக்காது. மக்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிக்க முடிந்ததால் அரசரைப் பார்த்து அழ வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

நல்லதாய் முதலில் மேகவாணரிடம் போனாள். அவர் வேம்படியில் சாய்ந்திருந்தார்.

"பந்தல் குறித்து நான் ஆழ்ந்த கவலை கொண்டுள்ளேன், அம்மா. ஆனால் இன்று நான் அதைக் கேட்டால், நாளை தண்புனலார் தானும் கேட்டதாகச் சொல்லிக்கொள்வார்."

தண்புனலார் வீடு இருபது எட்டுத் தொலைவில் இருந்தது. அவரும் ஆழ்ந்த கவலையில்தான் இருந்தார். "கேட்கலாம். பெயர் மேகவாணருக்கல்லவா போய்விடும்?"

"அய்யா, யாரு கேட்டு வந்தாலும் எம் மாப்ளை தலையில விழுற நெழலு ஒண்ணுதான்யா" என்றாள் நல்லதாய்.

"அரசியல் உனக்குப் புரியாது" என்றார் தண்புனலார், மிகவும் கனிவாக.

மறுநாள் வரிசையில் அவள் இதைச் சொன்னபோது எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. தாங்கள் நினைத்தது சரி என்று தெரிவதில் ஒரு குளிர்ச்சி உண்டு.

"ராசாவாவது திருடனா வந்து திருடுதாரு. இவனுவ தொணைக்கு வாரேம்னு வந்துல்லா திருடுதானுவ" என்றான் ஒருவன்.

"தோலப் பாத்தியா? அவிச்ச முட்டை கணக்கா இருக்கு."

"அந்த மேகவாணனுக்கு ஓட்டுப் போடுததுக்கு, நான் இந்தக் குடத்துக்குப் போடுவேன். குடமாவது தண்ணி சொமக்கும்." இதைச் சொன்னவள் சந்தனமாரி. நல்லதாயின் பக்கத்து வீட்டுக்காரி, பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள். இருளப்பன் விழுந்த அன்று அவனைத் தோளில் தூக்கிவந்தவளும் அவள்தான்.

தொட்டிச் சுவரின் நிழல் காலையில் சற்று நேரம் வரிசையில் ஒரே ஒருவர் மேல் விழும். யார் மேல் விழுகிறதோ அவரிடம் முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்கள் அன்று முழுதும் பேசமாட்டார்கள். அன்று அது அப்போதுதான் நல்லதாயின் மேல் விழத் தொடங்கியது. அதனாலோ என்னவோ, அவள் சொன்னது யார் காதிலும் முதலில் ஏறவில்லை.

"நான் நிக்கட்டுமா?"

"எங்கட்டி?"

"திடல்ல. வேர்வை பாக்குத அன்னைக்கு."

வரிசை சிரித்தது. சந்தனமாரி சிரித்துக்கொண்டே, "நில்லு மயினி. ஒனக்கு வடியுத வேர்வையில ரெண்டு பாத்தி கட்டலாம்" என்றாள்.

விண்ணப்பத்தைப் பார்த்த சிந்தாமணியார் திகைத்தார். உப்பளத்துப் பெண் நிற்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நிற்பாள் என்று யாரும் நினைக்காததால் யாரும் அதைத் தடுத்திருக்கவில்லை. எழுத்தர்கள் மூன்று நாள் தேடிவிட்டுக் கைவிரித்தார்கள். அரசர் மட்டும் பதறவில்லை. "நிற்கட்டும். மக்களை நான் நம்புகிறேன்" என்றார். அதன் பொருள் அப்போது எவருக்கும் விளங்கவில்லை.

அந்த நாள் வந்தது. திடலில் மூவர் நின்றார்கள். கால் நாழிகையில் தண்புனலார் மயங்கினார். ஐந்து பேர் அவரைத் தாங்கிக்கொண்டு ஓடினார்கள். மேகவாணர் நின்றார், ஆனால் கழுத்தை வாத்துபோல நீட்டித் திடலோரத் தொட்டிச் சுவரின் நிழலைத் தேடினார். நல்லதாய் தினமும் நிற்பதுபோலவே நின்றாள். கண்களைப் பாதி மூடி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டு. கூட்டத்தின் ஓரத்தில், கோணிப்பையைத் தலையில் போடவும் அனுமதியில்லாமல், இருளப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

நெற்றியைத் துடைக்கும் துணி சந்தனமாரியின் கையில் கொடுக்கப்பட்டது. அவள் துடைத்தாள். கொடியில் போட்டாள். துணி காயக் காய வெள்ளைக் கோடுகள் எழுந்தன. கடைசியில் துணியே விறைத்து, காற்றில் அசையாமல் பலகைபோல நின்றது. திடலில் ஒரு சத்தம் எழுந்தது. அது என்ன சத்தம் என்று அந்த மக்களுக்கே தெரியவில்லை, அதற்குமுன் அவர்கள் அதை எழுப்பியதில்லை. "பந்தல்! பந்தல்!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு எல்லாரும் கத்தினார்கள். சந்தனமாரியும்தான்.

சிந்தாமணியார் கையை உயர்த்தினார். "துணி தேறிய வேட்பாளர், சாட்சி முடியும்வரை அரசின் விருந்தினர். சட்டப் பிரிவு பதினான்கு."

இரண்டு காவலர்கள் ஒரு வெள்ளைக் குடையைக் கொண்டுவந்து நல்லதாயின் தலைக்குமேல் விரித்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வட்டமான ஒரு நிழல் ஒரே ஒருத்தியின் மேல் விழுந்தது. நல்லதாய் தன்னையறியாமல் கண்களை முழுதாகத் திறந்து, ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைத் திடல் முழுதும் பார்த்தது. கத்தல் மெல்ல அடங்கியது.

"அம்மையார் அவர்களின் தெருவிலிருந்து சாட்சிகள் வரலாம்" என்றார் சிந்தாமணியார்.

அம்மையார் என்ற சொல் சந்தனமாரியின் காதில் மணலைப்போல விழுந்தது. நேற்றுவரை நல்லதாயை அவள் 'மயினி' என்றும் மற்றவர்கள் 'ஏட்டி' என்றும்தான் கூப்பிட்டார்கள். அவள் குடையைப் பார்த்தாள். குடைக்குள் நின்றவளைப் பார்த்தாள். அதே புடவை, அதே வெடித்த கால்.

"சொல்லுங்கள், அம்மா. இது அசல் வியர்வைதானா?"

"மயினி..." என்றாள் நல்லதாய்.

சந்தனமாரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "உப்பு இருக்குங்கது நெசம். ஆனா அவ அளத்துல கெடக்குறவ. மேலெல்லாம் அளத்து உப்புத்தான் படிஞ்சிருக்கும். அது வேர்வை உப்பா, பாத்தி உப்பான்னு நான் எப்படிச் சொல்லுதது?"

இரண்டாவது சாட்சி சற்று யோசித்து, தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றான். மூன்றாவது சாட்சி, அவர்கள் இருவரும் சொன்னதையே தானும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான்.

"மக்கள் எவ்வளவு விழிப்போடு இருக்கிறார்கள்!" என்று மேகவாணர் நெகிழ்ந்தார். பதினொரு ஆண்டுகளில் தன் துணியில் ஒருமுறைகூட எழாத அந்த வெள்ளைக் கோடுகளை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு எழுதப்பட்டது. உப்பளத்தில் உழைப்பவரின் வியர்வையைச் சோதிக்க இயலாது. எனவே இனி உப்பளத்தில் உழைக்காதவர்கள் மட்டுமே நிற்கலாம். குடை மடக்கப்பட்டது. அரசர் மனவருத்தத்தோடு தொடர்ந்தார்.

மறுநாள் சிந்தாமணியார் நல்லதாயின் வீட்டுக்கே வந்தார். கொலைக்குற்றவாளிபோல அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"அரசர் திறமையை மதிப்பவர். எதிரணியில் மூன்றாவது இருக்கை ஒன்று உண்டாக்கப்பட்டுள்ளது. அந்த எட்டாவது வேப்பமரமும், அதனடியில் ஒரு வீடும் உங்களுக்கு. எதிரணியின் குடும்பத்தாருக்குத் தண்ணீர் வீடு தேடி வரும்."

"பந்தல்?"

"சபையில் நீங்கள் கேட்கலாம், அம்மையாரே. கேட்பதற்காகத்தான் இருக்கை."

"கேட்டா போடுவியளா?"

"கேட்கலாம்" என்றார் சிந்தாமணியார் மறுபடியும்.

அவர் போனபின் இருளப்பன் சொன்னான்: "போவாண்டாம்ட்டி. நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"ஊரு நேத்தே பேசிட்டு."

"எனக்காவப் போவாத."

அவன் அதைச் சொல்லும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றான். இடது கால் மடங்கியது. கத்திரி தொடங்க ஐந்து நாள் இருந்தது. நல்லதாய் பானை சட்டிகளை ஒரு துணியில் கட்டத் தொடங்கினாள்.

வண்டி தெருவைத் தாண்டும்போது எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அந்த முகங்களில் அமைதி இருந்தது. மதிலின் கதவு திறந்து மூடியது.

அடுத்த நாள் வரிசையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"நான் அன்னைக்கே சொல்லல? எல்லாரும் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான்."

"மாப்ளைக்குப் பந்தல் வேணும்னு அழுதாளே, இப்ப மரமே கெடைச்சுட்டு பாத்தியா?"

"இனிமே எவன் வந்து நின்னாலும் நம்பக் கூடாதுப்பா."

சந்தனமாரி மட்டும் பேசவில்லை. வெயில் ஏறியது. அவளுக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏளா, நீதான அவ நெத்தியத் தொடச்ச. உள்ளதச் சொல்லு. அது அளத்து உப்பா?"

சந்தனமாரி குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"சுடச்சுட வடிஞ்சுது, பெரியப்பா. எங் கை நனைஞ்சு போச்சு."

"பொறவு ஏன் அப்படிச் சொன்ன?"

வரிசை முழுதும் காதைத் தீட்டிக்கொண்டது. சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். அவள் நெற்றியிலிருந்து ஒரு துளி புருவம் வழியாக இறங்கி, வாயோரம் வந்து நின்றது.

"நானுந்தான் இருவது வருசமா இங்க நிக்கேன்" என்றாள். "ஒரு நாளாவது யாராவது எந் நெத்தியத் தொடச்சுப் பாத்தியளா?"

கேட்ட பெரியவர் தலை குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புறங்கையால் தன் நெற்றியைத் தானே துடைத்துப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே செய்தாள்.