கடலில் கொடுத்த சம்மதம்

அன்பும் மரியாதையும் மிக்க ஸகீனா ராத்தாவுக்கு, தம்பி மூசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் உயிரோடு இருக்கிறேன். அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஷிஃபா அடம்பிடிக்கிறாளே, அந்த மீன்பிடிக்கிற லதீஃப், அவனிடம் 'என் மகளை உனக்குத் தர முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரத்தானே மாலேயிலிருந்து கிளம்பினேன்? நான் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பயணிகள் படகு நகர்ந்துவிட்டது. கையை ஆட்டிக் கத்தினேன். படகில் இருந்தவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். கடைசியில் ஒரு சரக்குத் தோணியில், வெங்காய மூட்டைக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு தீவுக்கு வந்து சேர்ந்தேன். வந்தவனிடம் அந்தப் பையன் ரொட்டியையும் மீன் சாற்றையும் நீட்டி, "மாமா, எதுவா இருந்தாலும் கடல்ல பேசிக்கலாம். விடிஞ்சதும் கெளம்புறோம்" என்றான். முகத்தில் அடித்த மாதிரி சொல்ல வந்தவன், பசியில் சாப்பிட்டுத் தொலைத்தேன்.

விடிந்ததும் அவனுடைய மீன்பிடித் தோணியில் ஏறினேன். லதீஃப் சொன்னான்: "இங்க யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம் மாமா. உங்க பேரை யாராவது கூப்பிட்டா அது நாங்க இல்ல. திரும்பிப் பாக்காதீங்க." அதனால் ஒருவன் மூக்கு, ஒருவன் தாடி. நான் ஆபீஸு. எனக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

உச்சி வெயிலில் சூரைமீன் கூட்டம் வந்தது. அவர்கள் தூண்டில் கழியைச் சுண்டச் சுண்ட மீன்கள் தொப்புத் தொப்பென்று தோணிக்குள் விழுந்தன. ஒன்று என் மூக்குக்கண்ணாடியை உடைத்தது. திடீரென்று எல்லாம் நின்றுபோனது. தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்த பறவைகளைக் காணவில்லை. காற்றே இல்லை, அலையும் இல்லை. மூக்கும் தாடியும் தூண்டில் கழியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து, ஒரு குரல் கூப்பிட்டது. மூசா என்று இல்லை ராத்தா. மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட என் மனைவி ஹவ்வா வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுவாளே, அந்தச் செல்லப் பெயர். எழுத வெட்கமாக இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். சோறு ஆறுகிறது என்று கூப்பிடும்போது இழுப்பாளே, அதே இழுவை. "இதோ வந்துட்டேன்மா" என்று எழுந்துவிட்டேன்.

லதீஃப் பாய்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "ஐயையோ ஆபீஸு, வர்றேன்னு சொல்லிட்டீங்களே!"

எஞ்சினை இழுத்துப் பார்த்தார்கள். அது முனகக்கூட இல்லை.

தாடி நிமிராமலே சொன்னான்: "உங்களக் கூப்பிட்டது இனி வுடாது. கரையில எனக்கு முக்கியமான ஒரு வேலை இருக்கு, அது முடியாம வர மாட்டேன்னு சத்தமா சொல்லுங்க."

"எனக்கென்னப்பா வேலை? நான் ரிட்டயர் ஆனவன்!"

"மக கல்யாணம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான் மூக்கு.

தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன்: "என் மக ஷிஃபாவ இந்தப் பையனுக்குக் கட்டிக்குடுக்கப்போறேன்! அது முடியாம வர மாட்டேன்!" ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கரைக்கு வந்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் ஷிஃபாவிடம் உளற, அவள் இவனிடம் சொல்ல, இவன் எவனையோ பெண்குரலில் கத்தப் பழக்கியிருக்கிறான். நல்ல நாடகம்! ஆகவே கடலில் கொடுத்த சம்மதம் செல்லாது. கல்யாணம் கிடையாது என்று ஷிஃபாவிடம் சொல்லிவிடுங்கள். மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மூசா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் லதீஃப் வந்தான். யாரைக் கத்த வைத்தாய் என்று பிடித்து உலுக்கினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "எங்களுக்கு எந்தச் சத்தமும் கேக்கல மாமா. அது யாரைக் கூப்பிடுதோ அவங்களுக்கு மட்டுந்தான் கேக்கும்" என்றான். ராத்தா, உண்மையைச் சொல்கிறேன், எழுந்தபோது எனக்குப் பயமே இல்லை. அவன் பிடித்திருக்காவிட்டால் சந்தோஷமாக இறங்கிப் போயிருப்பேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. இந்தப் பையனைவிட நல்ல மாப்பிள்ளை நம் ஷிஃபாவுக்கு வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமையே கல்யாணத்தை வையுங்கள். ஆனால் கல்யாணம் முடியாமல் வர மாட்டேன் என்றுதானே சொன்னேன், முடிந்துவிட்டால் போக வேண்டுமே! அதனால் கடற்கரைக்குப் போய், பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு வருகிறேன் ஹவ்வா என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு பதிலும் இல்லை. சம்மதம் என்றாலும் அவள் இப்படித்தான் பேசாமல் இருப்பாள், சம்மதம் இல்லாவிட்டாலும் இப்படித்தான்.