வலைப்பூவின் முதற்பிரதி

கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒருவகை மனிதர் உலாவுகிறார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் அவர் இன்னும் உங்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்திருந்தால் இந்நேரம் உங்களுக்கென்று ஒரு வலைப்பூ இருந்திருக்கும். கலியாண வீடோ, ஜனாஸா எடுக்கும் மரண வீடோ, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் அசையாமல் நிற்கும் பஸ்ஸோ, எதுவாக இருந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவர் தன் பிழைப்பை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், இவருடைய முழங்கை மெல்ல நகர்ந்து அவருடைய விலாவைத் தொடும்.

"நீங்க ஏன் ஒரு ப்ளொக் தொடங்கக் கூடாது?"

மகனுக்கு வேலை இல்லையா? ப்ளொக். கடையில் வியாபாரம் படுத்துவிட்டதா? ப்ளொக். கூரை ஒழுகுகிறதா? ஓடு மாற்றுவது பிறகு. முதலில் அந்த ஒழுக்கைப் பற்றி எழுதுங்கள்.

இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அக்குறணைச் சந்திக்கு வாருங்கள். அங்கே போட்டோ கொப்பிக் கடை நடத்தும் மஹ்ரூப் நானாவைப் பார்க்கலாம். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவர், மறுபக்கம் பிரதியாகி வருவதற்குள் வலைப்பூவின் நன்மைகள் அத்தனையையும் கேட்டு முடித்திருப்பார். உலகமே வாசலுக்கு வரும். பெயர் நிலைக்கும். வாடிக்கையாளர் நம்புவார். கடைசி நன்மையைச் சொல்லும்போது மட்டும் மஹ்ரூப் நானா குரலைத் தாழ்த்துவார். "நீங்க தூங்கினாலும் ப்ளொக் தூங்காது."

அவருக்குச் சொந்தமாகவும் ஒரு வலைப்பூ இருக்கிறது. அதில் முதல் பதிவு வலைப்பூ தொடங்குவதன் நன்மைகள். அடுத்தது, அந்த நன்மைகளின் தொடர்ச்சி. அதற்கடுத்தது, நெடுநாள் எழுதாமைக்கு வருத்தம். அதற்கும் பிறகு, எழுத நேரமில்லாதவர்களும் வலைப்பூவால் அடையக்கூடிய நன்மைகள். வாசகர்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகிறார்கள். ஒன்று அவருடைய கடை. மற்றது அவருடைய வீடு.

இப்படிப்பட்டவருடைய கண்ணில்தான் றம்ஸியா பட்டாள்.

றம்ஸியா பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்தவள். விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போய், இருட்டிய பின் இரண்டு பஸ் மாறி வருகிற வேலை. பெருநாள் இனிப்பாக அவள் செய்யும் வட்டிலப்பத்தைத் தின்றவர்கள் எல்லாம் "இத வித்தா என்ன?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை பிறந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள். நல்ல மனிதர். "நோன்பு பிறக்கும் வரைக்கும் ஒங்கட இடத்த வெச்சிருக்கிறேன். அதுக்குப் பிறகு ஏலாது" என்றார். அதற்குள் பெருநாளுக்கு ஓடர் சேர்ந்தால் வீட்டில் அடுப்பு. சேராவிட்டால் திரும்பவும் பஸ். ஹுன்னஸ்கிரியாவிலிருந்து நல்ல கித்துல் மரத்துக் கருப்பட்டி எடுப்பித்து, தேங்காயும் முட்டையும் ஏலக்காயும் வாங்கி வைத்துவிட்டு, வீட்டு முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரதி எடுத்து ஊருக்குக் கொடுக்கலாம் என்று அவள் சந்திக்குப் போனாள்.

போகக்கூடாத கடைக்குப் போனாள்.

"துண்டா?" என்றார் மஹ்ரூப் நானா. மெஷினின் மூடியை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "இந்தக் காலத்தில துண்டு குடுக்கிறதா தங்கச்சி? ஒங்களுக்கு நான் ஒரு ப்ளொக் செய்து தாறேன். சும்மா. ஒரு சதமும் வேணாம்."

சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்? றம்ஸியாவும் சொல்லவில்லை. துண்டு பிரதியாகவில்லை.

சில நாட்களில் வலைப்பூ மலர்ந்தது. பெயர் 'இனிப்பின் வேர்கள்'. கணவன் நபீல் தன் போனில் அதைத் திறந்து காட்ட, றம்ஸியா எட்டிப் பார்த்தாள். முதலில் ஓர் ஆசிச்செய்தி. பிறகு ஒரு வாழ்த்துச்செய்தி. அதன்பின் மஹ்ரூப் நானா கன்னத்தில் விரல் வைத்துச் சிந்திக்கும் படமும் பதிப்பாசிரியர் உரையும். வட்டிலப்பம் எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கக்கூடும் என்று நீண்டதோர் ஆய்வு. கடைசியில், வேறென்ன, வலைப்பூவின் நன்மைகள். றம்ஸியாவுக்கும் ஒரு வரி கிடைத்திருந்தது. 'இதனை ஓர் இல்லத்தரசி தயாரிக்கிறார்.' தொடர்புகளுக்கு, அவள் கவனிக்காத பொடி எழுத்தில், பதிப்பாசிரியரின் தொலைபேசி இலக்கம்.

நபீல் போனைக் கீழே வைத்தான். "ஒன்ட வட்டிலப்பத்த இனி உலகத்துக்கே தெரியும். அடுத்த வீட்டுக்குத்தான் தெரியாது."

"சும்மா இரிங்க. மனுசன் பாவம், பாடுபட்டுச் செய்திருக்கிறார்" என்றாள் றம்ஸியா. ஆனாலும் அன்று முழுவதும் தன் போனை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அது அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. போன் பழுதோ என்று நபீலின் போனிலிருந்து தனக்கே கோல் எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் அடித்தது.

நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். குண்டசாலையில் டயர் கடை வைத்திருப்பவராம், பெயர் கிருஷாந்தன்.

"அக்கா, வட்டிலப்பம் செய்றது நீங்கதானே? சந்தியில விசாரிச்சு விசாரிச்சு வாறேன்."

"கோல் எடுத்திருக்கலாமே தம்பி?"

"எடுத்தேனே! ஒரு சேர் பேசினாரு. வட்டிலப்பம் வேணும்னேன். நீங்க என்ன தொழில் செய்றீங்கன்னு கேட்டாரு. டயர் கடைன்னேன். இப்ப எனக்கு ஒரு ப்ளொக் இருக்கு."

"வட்டிலப்பம்?"

"அதத்தான் கேக்க வந்தேன்."

றம்ஸியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே சந்திக்கு நடந்தாள். பின்னால் நபீல் ஓட வேண்டியிருந்தது.

"நானா, என்ட நம்பரப் போடுங்க. என்ட பேரையும் போடுங்க."

மஹ்ரூப் நானா அவளைப் பரிவோடு பார்த்தார். ஒன்றும் அறியாத பிள்ளையைப் பார்க்கும் பார்வை. "நம்பரப் போட்டா அது விளம்பரமாப் போயிடும் தங்கச்சி. இது இலக்கியம். அவசரப்படாதீங்க. ப்ளொக்க இன்னும் நாங்க முறையா வெளியிடல்லயே! விழா வெச்சா ஓடர் தானா வரும். ஒங்கட வட்டிலப்பத்தையும் கொண்டாங்க, நன்றியுரை முடிய எல்லாருக்கும் குடுப்போம்."

விழாவா? வலைப்பூவுக்கா? நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் ஊரில் எதை எழுதினாலும் அதற்குத் தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஐந்து உரையும், முதற்பிரதி பெற ஒரு ஹாஜியாரும் இல்லாவிட்டால் அது பிறந்ததாகக் கணக்கில்லை. வலைப்பூவுக்கு முதற்பிரதி ஏது என்கிறீர்களா? சொந்தமாகப் போட்டோ கொப்பி மெஷின் வைத்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? 'இனிப்பின் வேர்கள்' முழுவதையும் அச்செடுத்து, கூடியிருப்போர் அனைவருக்கும் போதும்படி பிரதியெடுத்து, ஒவ்வொன்றையும் ரிப்பனால் கட்டி மேசையில் அடுக்கிவிட்டார். அழகுக்காகத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு.

முதற்பிரதியைப் பெற்றவர் இரும்புக்கடை ஹுஸைன் ஹாஜியார். அவருடைய பெயருக்கு முன்னால் வந்த பட்டங்களை அறிவிப்பாளர் வாசித்து முடிப்பதற்குள் ஹாஜியார் மேடைக்கு வந்து, பிரதியை வாங்கி, படத்துக்கு நின்று, "இதில என்ட போட்டோ எந்தப் பக்கம்?" என்று கேட்டும்விட்டார்.

றம்ஸியா பெண்கள் பக்கத்தில் கடைசிக் கதிரையில் இருந்தாள். மண்டபத்துச் சமையலறையில் அவளுடைய வட்டிலப்பம் சின்னச் சின்னக் கப்புகளில் வரிசையாக இருந்தது. நயவுரை போயிற்று. ஏற்புரைக்கு மஹ்ரூப் நானா எழுந்தார். உலகம் வாசலுக்கு வந்தது. பெயர் நிலைத்தது. வாடிக்கையாளர் நம்பினார். ஏற்புரை இரண்டாம் தடவை முதலிலிருந்து தொடங்கியது. "நீங்க தூங்கினாலும்..." என்று அவர் குரலைத் தாழ்த்திய இடத்தில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்தது.

மண்டபம் காலியாயிற்று. நன்றியுரை நடக்கவில்லை. வட்டிலப்பத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கதிரைக்குக் கதிரை ரிப்பன் கட்டிய பிரதிகள் கிடந்தன. முதற்பிரதியும் முன்வரிசையில் ஹாஜியாரின் கதிரையிலேயே கிடந்தது.

"சூப்பர்வைசருக்குச் சொல்லவா?" என்றான் நபீல். இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை.

றம்ஸியா முன்வரிசைக்குப் போனாள். ஹாஜியாரின் கதிரையிலிருந்த பிரதியை எடுத்தாள். ரிப்பனை அவிழ்த்தாள். தாளைப் புரட்டினாள். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"எவ்வளவு நல்ல தாள்!" என்றாள். "கத்தரிக்கோல் ஒண்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. அப்படியே ஒரு பேனையும்."

ஆய்வும் ஆசிச்செய்தியும் சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டன. ஒவ்வொரு சதுரத்தின் வெள்ளைப் பக்கத்திலும் 'றம்ஸியா வட்டிலப்பம்' என்று எழுதி, அடியில் தன் இலக்கத்தை எழுதினாள். அதே ரிப்பனால் கப்பின் மூடியோடு சேர்த்துக் கட்டினாள். பள்ளிவாசலில் இரவுத் தொழுகையான இஷாவை முடித்து வெளியே வந்தவர்களின் கையில் நபீல் ஆளுக்கொன்றாக வைத்தான். "தின்னுட்டுக் கோல் எடுங்க. நல்லமில்லாட்டியும் எடுங்க."

மறுநாள் காலையில் றம்ஸியாவின் போன் அடித்தது. வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. ஹாஜியாரின் வீட்டிலிருந்தும் பெருநாளுக்கென்று கேட்டார்கள். கிருஷாந்தனுக்கு அவளே கோல் எடுத்து, வட்டிலப்பம் தயார் என்று சொன்னாள். நோன்புத் தலைப்பிறை காணுமுன் பல்லேகலைத் தொழிற்சாலைக்கும் கோல் எடுத்தாள். "சேர், என்ட இடத்துக்கு வேற ஆளப் போடுங்க" என்று சொன்னாள். வைத்ததும் முட்டை அடிக்கப் போய்விட்டாள்.

வலைப்பூவின் மேல் குற்றமில்லை. ஒரு படமும் ஒரு பெயரும் ஓர் இலக்கமும் போட்டிருந்தால் அதுவும் இந்த வேலையைச் செய்திருக்கும். ஆனால் மஹ்ரூப் நானாவுக்கு அது எதற்கு? செய்தி காதில் விழுந்ததும் வாசலில் வந்து நின்றார், முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தீங்களா தங்கச்சி? நான் அப்பவே சொன்னேனே! ப்ளொக்குட நன்மை!"

"மெய்தான் நானா" என்றாள் றம்ஸியா, முட்டை அடிக்கும் கையை நிறுத்தாமல். "இன்னும் பிரதி மிஞ்சி ஈக்குதா?"

அன்றே அவர் ஒரு பதிவு எழுதினார். 'ஒரு வலைப்பூ ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றிய கதை.' வட்டிலப்பம் வேண்டுவோர் தொடர்புகொள்ள இலக்கமும் கொடுத்திருந்தார். தன்னுடையதை.

நீங்கள் இவரைப் பார்த்து நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். இதை வாசிக்கும்போது நடுவில் எங்காவது, 'இந்தக் காலத்தில் ப்ளொக்கை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பிள்ளை ஒரு யூடியூப் செனல் தொடங்கியிருந்தால் எங்கேயோ போயிருப்பாளே!' என்று உங்கள் மனம் சொன்னதா?

அப்படியானால் உங்கள் முழங்கையைக் கொஞ்சம் பாருங்கள். அது பக்கத்தில் இருப்பவருடைய விலாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.