சின்னசேலம் பஸ்ஸில் ஏறிய பாஸ்போர்ட்

கள்ளக்குறிச்சி ஜில்லாவிலேயே எம்பசி அளவுக்குத் திட்டு வாங்கிய மனுஷன் கிடையாது. நிலத் தரகர், சீட்டுக் கம்பெனிக்காரர் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். அத்தனையும் அவராகக் கேட்டு வாங்கிய திட்டு.

பஸ் ஸ்டாண்டு எதிரில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது வந்து ஒட்டிக்கொண்டார். வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய ஆள். என் கடையின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பிடித்து உட்கார்ந்து, வெளிநாடு போகிறவர்களுக்கு இலவச ஆலோசனை சொன்னார். எந்தத் தூதரகத்துக்குப் போன் போட்டாலும் தெருக்கோடி வரை கேட்கும். அதனால் எம்பசி என்று பேர். சொந்தப் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். வெளிநாடு போகிறவனுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுக்க ஊரே வருகிறது. மாலை போடுகிறார்கள், பிளெக்ஸ் வைக்கிறார்கள். 'அந்த நாட்டில் உனக்கு இன்னின்ன உரிமை உண்டு, தகராறு வந்தால் இங்கே போ' என்று சொல்ல ஒருத்தன் வருகிறானா? ஏஜென்ட் சொல்ல மாட்டான், அவன் பிழைப்பு கெட்டுவிடும். உதவி எண்ணுக்குப் போன் போட்டால் வீணை வாசிக்கிறார்கள். அவனவன் உயிர் போகிறது என்று கூப்பிட்டால் கச்சேரியா நடத்துவது?

இந்தக் கோபம் எம்பசிக்கும் உண்டு. ஆனால் அவர் வழியே வேறு. வருகிறவனிடம் தோரணையாகக் கை நீட்டி, "பாஸ்போர்ட் குடு" என்பார். நம் பக்கத்து ஜனங்களின் பழக்கம்தான் தெரியுமே! வெள்ளைச் சட்டை போட்டவர் எதைக் கேட்டாலும் குனிந்து இரண்டு கையாலும் கொடுப்பார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரே சின்னசேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார். பறிகொடுத்தவன் ஓடி வந்து, நாலு பேர் முன்னால் அவரைத் திட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். அப்புறம்தான் சட்டம், லேபர் ஆபீஸ், தூதரக நம்பர் எல்லாம் சொல்லித் தருவார்.

"வாயே தொறக்காதவனுக்கு சட்டம் இன்னாத்துக்குய்யா?" என்பார். கெட்ட பேர் யாருக்கு? என் கடைக்கு!

அப்போதுதான் சடையன் வந்தான். கல்வராயன் மலைக்காரன். மலேசியாவில் ஒரு தமிழர் ஓட்டலில் வேலை கிடைத்திருந்தது. மனைவி முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு ஊர் போய்வர லீவு தருவதாக ஓட்டல்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். சடையன் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும்.

எம்பசி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். சடையன் அசையவில்லை.

"இன்னாப்பா, ஓடலியா?" என்றேன்.

"எதுக்குங்க? பெரியவரு எடுத்துக்கினு போயிருக்காரு. குடுத்துடுவாருங்க."

பஸ் போயே போய்விட்டது. மாலையில் எம்பசி கொதித்துக்கொண்டு வந்து இறங்கினார். "ஏன்டா வரல? சின்னசேலம் வரிக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போனேன்!"

"வெயில்ல போய்ட்டு வந்தீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் சடையன்.

மறுநாளும் இதே கூத்து. எனக்குப் பொறுக்கவில்லை. "பாவம்யா, வுட்டுடு" என்றேன்.

"நானும் இவன மாதிரிதான்யா சிரிச்சிக்கினே குடுத்தேன். எங்கப்பன் செத்தப்ப மொதலாளி பாஸ்போர்ட்டத் தரல. வந்து ஒரு புடி மண்ணு கூடப் போடல" என்றார். அந்த மனுஷன் கத்தாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த முறை, புறப்படுகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டினார். "இனிமே இது என்னுதுடா! புள்ள பொறந்தா போட்டோவுல பாத்துக்கோ!"

சடையனுக்கு எங்கிருந்து வந்ததோ! பாய்ந்து ஓடி பஸ்ஸைத் தடதடவென்று தட்டினான். "யோவ் கெழவா! எறங்குய்யா! அது என்னுது, குடுய்யா!" டிரைவர் பயந்துபோய் பிரேக் அடித்தார். எம்பசி மாப்பிள்ளை மாதிரி இறங்கி வந்தார்.

சில மாதம் கழித்து மலேசியாவிலிருந்து சடையன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். பழையபடி கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல். "மொதலாளி லீவு இல்லன்றாருங்க. பாஸ்போர்ட் அவருகிட்ட இருக்குதுங்க. பத்திரமா வெக்கிறேன்னு கேட்டாரு, குடுத்துட்டேன்."

"ரெண்டு கையாலயா?" என்றார் எம்பசி.

"...ஆமாங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ அந்த ஓட்டல்காரன் கையில் கிடைத்தால் மென்று துப்பலாம் போல் இருந்தது. நம் மொழி பேசுகிறவன்தானே! ஊர்க்காரனை ஊர்க்காரனே பூட்டி வைப்பதா?

"டேய், வேலைக்காரன் பாஸ்போர்ட்டப் புடுங்கி வெக்கிறது அந்த நாட்டு சட்டப்படியே குத்தம்" என்றார் எம்பசி. "இங்கேருந்து நான் கத்துனா ஒண்ணும் ஆவாது. அந்தாளு சின்னசேலம் பஸ்ல ஏறிட்டான்னு நெனச்சிக்கோ. போன கட் பண்ணாத. போ!"

தட்டு கழுவும் சத்தம். அப்புறம் சாப்பிடுகிறவர்களின் பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் போன் மேல் குனிந்தோம்.

"யோவ்!" என்று ஒரு கத்தல். "அது என்னுது, குடுய்யா! தரலன்னா போலீசுக்குப் போவேன், லேபர் ஆபீசுக்குப் போவேன், எம்பசிக்குப் போவேன்!"

ஓட்டல் அடங்கிப்போனது. "மெதுவாப் பேசுப்பா, ஆளுங்க சாப்பிடுறாங்க" என்று ஒரு கெஞ்சல். மேஜை டிராயரைத் திறக்கிற சத்தம். எம்பசி குதித்த குதியில் என் நாற்காலி காலை விரித்துவிட்டது.

பிரசவத்துக்கு முன்பே சடையன் வந்து சேர்ந்தான். மலைக்குப் போகிற வழியில் பையும் மூட்டையுமாக என் கடைக்கு வந்தான். எம்பசி விறைப்பாகக் கை நீட்டினார். "பாஸ்போர்ட் குடு."

சடையன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். "அங்கேருந்தே பாத்துக்குங்க" என்றான்.

எம்பசி சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "போடா, வூட்ல காத்துக்கினு இருப்பா" என்றார்.

கடையை மூடி வெகுநாள் ஆகிறது. சின்னசேலம் பஸ்ஸை யாராவது திட்டிக்கொண்டே துரத்தினால் இன்றும் நின்று பார்க்கிறேன். அந்த மனுஷன் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், தினமும் நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு.